மூட்டையில் முப்பது, பொருளில் எவ்வளவு? – வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் டிரில் மிஷினின் உடம்பு சாதாரண பிளாஸ்டிக் இல்லை, அது கண்ணாடி இழை கலந்த நைலான், அதனால் வலுவும் சூடு தாங்கும் சக்தியும் கூடும் என்று ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்த ஒரு பத்திக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கங்களை நிரப்பிவிட்டன. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் மோல்டிங் தொழிலில் இருப்பவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் முதலில் ஒரு மாணவரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் சொல்லிவிட்டால் மற்றவற்றுக்குப் பாதி பதில் சொன்ன மாதிரி.

சார், கண்ணாடி கீழே விழுந்தால் உடைகிறது, பிளாஸ்டிக் உடைவதில்லை. உடைகிற பொருளை உடையாத பொருளில் கலந்தால் வலு எப்படிக் கூடும்? அதுவும் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துண்டுகளால்?
– பொறியியல் மாணவர், மதுரை

தம்பி, சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். ஜன்னல் கண்ணாடி பலவீனமாக இருப்பதற்குக் காரணம் கண்ணாடி அல்ல, அதன் மேல் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். இழுவிசை முழுவதும் அந்தக் கீறலின் நுனியில் போய்க் குவிகிறது. இதை 1921-ல் இங்கிலாந்தின் கிரிஃபித் எழுதிக் காட்டினார். கண்ணாடியை உருக்கி மெல்லிய இழையாக இழுத்துச் சோதித்தபோது, இழை மெலிய மெலிய வலு ஏறிக்கொண்டே போனது. அவ்வளவு மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லை, அதுதான் விஷயம். நாம் பிளாஸ்டிக்கில் போடும் இழையின் தடிமன் சுமார் 10 மைக்ரான். தலைமுடி 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அதில் ஏழில் ஒரு பங்கு.

அடுத்தது விறைப்பு. விறைப்பை அளக்கும் எண்ணான மீள்தன்மைக் குணகம் நைலானுக்குச் சுமார் 3 கிகாபாஸ்கல், கண்ணாடியினுடையது 72. இரண்டும் ஒட்டிக்கொண்டு சேர்ந்து நீள வேண்டும் என்றால் பாரத்தில் பெரும்பங்கை விறைப்பானதுதான் தாங்கும். மண் சுவர் வைக்கும்போது சேற்றில் வைக்கோலைப் போட்டு மிதிப்பார்களே, அதே வேலைதான். ஆனால் வைக்கோல் நீளமானது, நம் இழை துண்டு துண்டானது. நீங்கள் கேட்ட கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

துண்டு இழையை யாரும் இரண்டு முனையிலும் பிடித்து இழுப்பதில்லை. சுற்றியிருக்கும் நைலான்தான் இழையின் பக்கவாட்டைப் பற்றிக்கொண்டு இழுக்கிறது. முனையில் இழையின் மேல் பாரம் பூஜ்யம், உள்ளே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. இழை போதுமான நீளம் இருந்தால் நடுப்பகுதியில் பாரம் இழையின் முழு வலுவைத் தொடும். நீளம் போதாவிட்டால் அது அறுவதற்கு முன்பே, பல் பிடுங்கின மாதிரி, பிளாஸ்டிக்கிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். இந்த எல்லைக்குக் கணக்கு போட்டவர்கள் கெல்லியும் டைசனும், 1965-ல். சுவாரஸ்யம் என்னவென்றால் அவர்கள் பிளாஸ்டிக்கையே தொடவில்லை, செம்புக்குள் டங்ஸ்டன் கம்பி வைத்துப் பார்த்தார்கள். கணக்கு எளிது: இழையின் வலுவை அதன் தடிமனால் பெருக்கி, ஒட்டுப்பிடிப்பின் வலுவைப் போல இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். இழையின் வலு 2000 மெகாபாஸ்கல், தடிமன் 10 மைக்ரான், ஒட்டுப்பிடிப்பு 40 மெகாபாஸ்கல் என்று போட்டுப் பாருங்கள், 250 மைக்ரான் வரும். அதாவது கால் மில்லிமீட்டர். ஒட்டுப்பிடிப்பு பாதியாகிவிட்டால் அதே எல்லை அரை மில்லிமீட்டருக்குப் போய்விடும்.

இப்போது இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். மோல்டு ஆகி வெளியே வரும் பொருளில் இழையின் சராசரி நீளம் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர். பார்த்தீர்களா, நாம் எப்போதும் அந்த எல்லையின் மேலேயே நடந்துகொண்டிருக்கிறோம். அதனால்தான் இழையின் மேல் சைலேன் என்ற ஒட்டுப் பூச்சு பூசுகிறார்கள், பாலிபுரொப்பிலீனில் மலேயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய ஒரு கலவையையும் சேர்க்கிறார்கள். பாலிபுரொப்பிலீன் எதனோடும் ஒட்டாத சுபாவம் கொண்டது. அந்தக் கலவை இல்லாமல் கண்ணாடியைப் போட்டால் விறைப்பு வரும், வலு பெரிதாக வராது.

எல்லாம் சரியாக அமைந்தால் கிடைப்பது என்ன? நைலான் 66 வெறுமனே இருந்தால் இழுவலு 80 மெகாபாஸ்கலை ஒட்டி இருக்கும். எடையில் 30 சதவீதம் கண்ணாடி சேர்த்தால், உலர்ந்த நிலையில், 180-ஐத் தாண்டும். குணகம் 3-லிருந்து 10-ஐ நெருங்கும். எடையில் 30 என்பது கன அளவில் 16 சதவீதம்தான், அதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்! ஆனால் ஒன்றைக் கொடுத்துத்தான் இதை வாங்குகிறோம்: அறுவதற்கு முன் நீளும் அளவு 3 சதவீதத்துக்கு வந்துவிடும். வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, பட்டென்று போகும்.

வணக்கம் சார். நைலான் 66, ஜி.எஃப். 30-ல் (எடையில் 30 சதவீதம் கண்ணாடி இழை) ஒரு பிராக்கெட் அடிக்கிறோம். டேட்டா ஷீட்டில் 185 மெகாபாஸ்கல் போட்டிருக்கிறது, எங்கள் கணக்குப்படி 90-க்கு மேல் பாரமே வராது. ஆனாலும் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில், எப்போதும் ஒரே இடத்தில், உடைகிறது. மெட்டீரியல் சப்ளையர் தன்மேல் தப்பில்லை என்கிறார்.
– மோல்டிங் சூப்பர்வைசர், ஓசூர்

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: ‘எப்போதும் ஒரே இடத்தில்’. மெட்டீரியல் கெட்டிருந்தால் ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று உடையும். ஒரே இடம் என்றால் மோல்டைப் பார்க்க வேண்டும்.

அந்த 185 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு முனையில் கேட் (உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்) வைத்து, நீளவாக்கில் நிரப்பி அடித்த சோதனைத் துண்டிலிருந்து. அதில் பெரும்பாலான இழைகள் இழுக்கும் திசையிலேயே படுத்திருக்கும். ஆற்றில் விழுந்த குச்சிகள் நீரோட்டத்தோடு திரும்பிக்கொள்ளும் அல்லவா, உருகிய பிளாஸ்டிக்கிலும் இழை அப்படித்தான் திரும்புகிறது. சுவரை ஒட்டிய பகுதியில் ஓட்டத்தின் திசையிலும், நடுவயிற்றில் பெரும்பாலும் குறுக்காகவும் படுக்கும். உங்கள் பிராக்கெட்டில் பாரம் ஓட்டத்துக்குக் குறுக்கே வருகிறது என்றால் வலு 185 இல்லை, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

ஆனால் உங்கள் இடத்தில் அதைவிட மோசமான ஒன்று நடக்கிறது என்று நினைக்கிறேன். போல்ட் ஓட்டைக்காக மோல்டில் ஒரு பின் நிற்கிறது. உருகி வரும் நைலான் அந்தப் பின்னில் மோதி இரண்டாகப் பிரிந்து, சுற்றிக்கொண்டு போய், மறுபக்கம் மீண்டும் சேர்கிறது. சேரும் இடத்தில் வெல்டு லைன். வெறும் நைலானில் அது பெரிய குறையில்லை, இரண்டு பக்கமும் ஓரளவு கலந்துவிடும். கண்ணாடி இழை அப்படிக் கலக்காது. இரண்டு முகப்பும் சந்திக்கும்போது இழைகள் அந்தக் கோட்டைத் தாண்டி மறுபக்கம் போவதில்லை, கோட்டுக்கு இணையாகவே படுத்துவிடுகின்றன. ஆக அந்தக் கோட்டைப் பிடித்து வைத்திருப்பது நைலான் மட்டும்தான். ஜி.எஃப். 30-ல் வெல்டு லைனின் வலு, சாதாரண இடத்தின் வலுவில் பாதிக்குக் கீழே போவது சகஜம். உங்கள் 90 அங்கே தாங்காது.

உடைந்த துண்டை எடுத்துப் பாருங்கள். உடைப்பு ஓட்டையிலிருந்து, கேட்டுக்கு எதிர்ப்பக்கமாகக் கிளம்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கேட்டை இடம் மாற்றி, அந்தக் கோடு பாரம் இல்லாத பக்கம் விழும்படி செய்வதுதான் முதல் வழி. அது முடியாவிட்டால் ஓட்டைக்கு வெளியே ஒரு சிறிய வழிதல் பாக்கெட் வெட்டிப் பாருங்கள், முகப்புகள் சேர்ந்த பிறகும் கொஞ்சம் நகர்ந்து அதற்குள் போகும், இழைகளும் கோட்டைத் தாண்டிப் புரளும். ஓட்டையை மோல்டில் விடாமல் பிறகு டிரில் செய்வதும் உண்டு. செலவுதான், ஆனால் வெல்டு லைனே இருக்காது. மோல்டு வெப்பநிலையை ஏற்றுவது கொஞ்சம் உதவும், முழுமையாக இல்லை.

நான் தொழிற்சாலையில் இருந்த காலத்தில் இதே போன்ற ஒரு பொருளுக்கு மூன்று மாதம் மெட்டீரியலை மாற்றி மாற்றி அடித்தோம். 30-லிருந்து 35 சதவீதம், அப்புறம் 40. ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் கோட்டைத் தாண்டாத இழை எத்தனை சதவீதம் இருந்தால் என்ன? கடைசியில் கேட்டை மறுபக்கம் கொண்டுபோன அன்றே உடைவது நின்றது. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனது ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். 185 என்பது உலர்ந்த நைலானுக்கு. காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சி நிலைக்கு வந்த பிறகு அதே மெட்டீரியல் 120, 130 அளவில்தான் நிற்கும். டேட்டா ஷீட் அட்டவணையில் இரண்டாவது நெடுவரிசையாக அது இருக்கும், டிசைன் போடுகிறவர்கள் அந்த வரிசையைத்தான் எடுக்க வேண்டும்.

சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். ரன்னர் (மோல்டுக்குப் போகும் வழியில் உறைந்த பிளாஸ்டிக்), ரிஜெக்ட் எல்லாவற்றையும் அரைத்துத் திரும்பப் போடுகிறோம். கண்ணாடி எங்கேயும் போகவில்லையே, சதவீதம் அப்படியேதானே இருக்கிறது, பிறகு ஏன் கஸ்டமர் ரீகிரைண்ட் கூடாது என்கிறார்?
– அம்பத்தூர் வாசகர்

சதவீதம் அப்படியேதான் இருக்கிறது, நீங்கள் சொல்வது உண்மை. போனது நீளம். இந்தத் தொழிலில் மூட்டையின் மேல் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பார்ப்பதுதான் எல்லா ஏமாற்றத்துக்கும் வேர்.

கண்ணாடி இழை கலவை செய்யும் ஆலைக்குள் நுழையும்போது 3 முதல் 4.5 மில்லிமீட்டர் துண்டுகளாக இருக்கிறது. அங்கே இரட்டை ஸ்க்ரூவில் ஒரு முறை நொறுங்குகிறது. உங்கள் மிஷினில் ஸ்க்ரூ சுற்றும் குழாயான பேரலில் இன்னொரு முறை, நாசிலிலும் குறுகிய கேட்டிலும் இன்னும் கொஞ்சம். இப்படித்தான் 0.3-க்கு வந்து நிற்கிறது. இதை கிரைண்டரில் அரைத்து மறுபடி ஸ்க்ரூவுக்குள் விட்டால் மேலே மாணவருக்குச் சொன்ன கால் மில்லிமீட்டர் எல்லைக்குக் கீழே பெரும்பாலான இழைகள் போய்விடும். அவை பொருளுக்குள் இருக்கும், எடை காட்டும், விறைப்பிலும் கொஞ்சம் பங்கு எடுக்கும், ஆனால் இழுத்தால் உருவிக்கொண்டு வரும். அடி தாங்கும் சக்தியும் இறங்கும்.

முழுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். புது மெட்டீரியலோடு 20, 25 சதவீதம் வரை கலப்பது பரவலான வழக்கம், கஸ்டமருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பாரம் தாங்கும் பொருளுக்கு வேண்டாம். தூசியைச் சல்லடையில் நீக்கிவிடுங்கள், நைலானாக இருந்தால் நன்றாக உலர்த்துங்கள்.

புது மெட்டீரியலிலும் நீளத்தைக் காப்பாற்றுவது பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது. பேக் பிரஷரை (ஸ்க்ரூ பின்னுக்கு வரும்போது அதை எதிர்க்கும் அழுத்தம்) கூட்டி, ஸ்க்ரூவை வேகமாகச் சுற்றினால் நன்றாகக் கலக்கும் என்று ஆபரேட்டர்கள் நினைக்கிறார்கள், கண்ணாடி கலந்த மெட்டீரியலுக்கு அது நேர் எதிர். பிரஷரைக் குறைத்து, நிதானமாகச் சுற்றி, பின்பக்க ஜோனின் வெப்பத்தை ஏற்றுங்கள். குருணை சீக்கிரம் உருகிவிட்டால் இழை திட நைலானோடு உரசி நொறுங்காது. கேட்டை ஊசிமுனை மாதிரி வைக்காதீர்கள். அப்புறம், கண்ணாடி உங்கள் ஸ்க்ரூவையும் பேரலையும் தின்னும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். தேய்மானம் தாங்கும் பைமெட்டாலிக் பேரல் போடுவது செலவு இல்லை, சேமிப்பு.

ஐயா, எங்கள் போர்வெல் மோட்டாரைப் பிரித்தபோது உள்ளே தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லர் எல்லாம் பிளாஸ்டிக். முன்பு கன்மெட்டலில் இருக்கும். மெக்கானிக் ‘இது கண்ணாடி கலந்தது, தாங்கும்’ என்கிறார். நம்பலாமா?
– விவசாயி, பொள்ளாச்சி அருகே

நம்பலாம் ஐயா, ஒரு நிபந்தனையோடு. கோயம்புத்தூர் பம்ப் கடைகளில் இதை ‘நோரில் இம்பெல்லர்’ என்பார்கள். நோரில் என்பது ஒரு வணிகப் பெயர், பாலிபினைலீன் ஈதரும் பாலிஸ்டைரீனும் சேர்ந்த பிளாஸ்டிக். இதற்கு நைலானை ஏன் எடுக்கவில்லை என்றால், நைலான் தண்ணீர் குடிக்கும். நைலான் 66-ஐத் தண்ணீரிலேயே போட்டு வைத்தால் எடையில் 8 சதவீதம் வரை ஏறும், ஊதும், விறைப்பும் போகும். இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியிருக்கும் கிண்ணத்துக்கும் இடையில் மெல்லிய இடைவெளிதான், ஊதினால் உரசும். நோரில் அப்படி நீர் உறிஞ்சாது. அதில் கண்ணாடி இழை சேர்ப்பதால் மெல்லிய இறக்கைகள் தொடர்ந்து அழுத்தம் வாங்கினாலும் மெல்ல மெல்ல வளைந்துபோகாமல் வடிவத்தில் நிற்கின்றன. துருப்பிடிக்காது, எடையும் குறைவு.

நிபந்தனை மணல்தான். உங்கள் போரில் மணல் வருகிறது என்றால் மேலே இருக்கும் பிளாஸ்டிக் முதலில் தேய்ந்து, இழை வெளியே தெரிய ஆரம்பித்து, பிறகு இழையும் ஒடிந்து போகும். பழைய இம்பெல்லரின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக, வெளிறிப்போய் இருந்தால் அது மணலின் வேலை. இன்னொன்று, தண்ணீர் வற்றிய பிறகும் மோட்டார் ஓடினால் சூட்டில் இம்பெல்லர் உருக்குலையும். கண்ணாடி அதைத் தடுக்காது. தண்ணீர் இல்லாவிட்டால் தானே நிறுத்தும் பேனல் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடி சேர்த்தால் சூடு தாங்கும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். மேலே சொன்ன பதிலில் தடுக்காது என்கிறீர்களே? என்று இதைப் பிழைதிருத்திய நண்பர் உடனே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. இது எந்தப் பிளாஸ்டிக் என்பதைப் பொறுத்தது. நைலான் 66 படிகம் உள்ள பிளாஸ்டிக். சாதாரணமாக 1.8 மெகாபாஸ்கல் பாரத்தில் 70, 75 டிகிரி செல்சியஸிலேயே வளைய ஆரம்பிக்கும், ஆனால் அதன் படிகங்கள் உருகுவதோ 260 டிகிரியில். இடைப்பட்ட அந்தப் பெரிய தூரத்தில் படிகங்களும் இழைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன, அதனால் வளையும் வெப்பநிலை 250 டிகிரி வரை தாவிவிடுகிறது. காரின் ரேடியேட்டர் தொட்டிகளை இதில் செய்ய முடிவது அதனால்தான். நோரில், பாலிகார்பனேட் போன்றவற்றில் படிகம் கிடையாது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் மொத்தமாக இளகிவிடும், இழை பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. ஆகவே அவற்றில் ஏற்றம் பத்துப் பதினைந்து டிகிரியோடு நின்றுவிடும்.

30-ஐ விட 50 சதவீதம் நல்லதா? – திருச்சி வாசகர்

விறைப்புக்கு நல்லது. அடி தாங்குவதற்கு, பிளாஸ்டிக்கைப் பொறுத்து. வெட்டு உள்ள இடத்தில் சுலபமாக உடையும் நைலானில் கண்ணாடி சேர்த்தால் வெட்டு போட்டு அடித்துப் பார்க்கும் சோதனையில் எண் கூடுகிறது, விரிசலின் பாதையில் இழைகள் குறுக்கே நிற்பதால். பாலிகார்பனேட் தானே முரட்டு உறுதி கொண்டது. அதில் கொஞ்சம் கண்ணாடி போட்டாலே அதே சோதனையில் ஏழெட்டில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். கீழே விழக்கூடிய, அடிபடக்கூடிய பொருளுக்கு பாலிகார்பனேட்டில் கண்ணாடி சேர்க்கச் சொல்கிறவரிடம் இரண்டு முறை யோசித்துப் பேசுங்கள். தவிர, இழை அடர்த்தி ஏற ஏற ஒன்றோடொன்று மோதி இன்னும் நொறுங்கும், மெட்டீரியல் ஓடுவது கடினமாகும், எடை கூடும், தட்டையான மூடிகள் முறுக்கிக்கொள்ளும். இழை படுத்த திசையில் சுருக்கம் 0.3 சதவீதம், குறுக்கே 1 சதவீதம் என்று இருந்தால் எப்படி நேராக நிற்கும்?

என் மனைவி கிரைண்டிங் பகுதியில் வேலை செய்கிறார். கையெல்லாம் அரிப்பு. இது ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி ஆபத்தா?
– புதுச்சேரி வாசகர்

ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி இல்லை. அது நீளவாக்கில் பிளந்து மேலும் மேலும் மெல்லியதாகி நுரையீரலின் ஆழம் வரை போகும். இந்த இழை குறுக்காகத்தான் ஒடியும், தடிமன் அப்படியே 10 மைக்ரான் இருக்கும், அவ்வளவு ஆழம் போகாது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-ல் இந்த வகை இழையைப் ‘புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்த முடியாதது’ என்ற மூன்றாம் பிரிவில் வைத்தது. ஆனால் அதைச் சொல்லி அவரை அப்படியே தூசியில் நிற்க விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அரைக்கும் இடத்தில் தூசி உறிஞ்சி இருக்க வேண்டும், மாஸ்க், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை தர வேண்டும், அது முதலாளியின் கடமை. அரிக்கும்போது தேய்க்கவே கூடாது, முதலில் குளிர்ந்த நீரை ஓட விட்டுக் கழுவி, பிறகு சோப்பு. வேலைத் துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். அரிப்பு நிற்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூட்டையில் 30 என்று போட்டிருப்பது உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– கோவை வாசகர்

எரித்துப் பாருங்கள். உலர்த்திய குருணை 10 கிராமை எடை போட்டு, பீங்கான் மூசையில் வைத்து, 600 டிகிரி ஃபர்னஸில் கருப்பு முழுக்கப் போகும்வரை எரியுங்கள், புகை வெளியேற வழி இருக்கட்டும். ஆறிய பிறகு 3 கிராமை ஒட்டி மிச்சம் இருக்க வேண்டும். இதோடு நிறுத்திவிடாதீர்கள். டால்க், சுண்ணாம்புப் பொடி சேர்த்திருந்தாலும் சாம்பலில் எடை காட்டும். மிச்சத்தில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்பு நுரைக்கும். டால்க் நுரைக்காது, அதற்கு மைக்ராஸ்கோப்தான். கண்ணாடி என்றால் குச்சி குச்சியாகத் தெரியும், மற்றவை பொடியாக. ஃபர்னஸ் இல்லாவிட்டால் சென்னை கிண்டியில் 1968-லிருந்து இருக்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.

குருணையை எரித்த அதே நாளில், அதே மெட்டீரியலில் நீங்கள் அடித்த பொருளிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி எரியுங்கள். இரண்டு சாம்பலையும் தண்ணீரில் மெதுவாகக் கலைத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, மைக்ராஸ்கோப்பில் நூறு இழைகளின் நீளத்தை அளந்து சராசரி எடுங்கள். எடை இரண்டிலும் ஒன்றாக இருக்கும். நீளம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், பேக் பிரஷர் எவ்வளவு வைத்தீர்கள் என்பதையும் சேர்த்து.